முதல் டிரான்சீவரை எவ்வளவு எளிமையாகக் கட்டலாம்?

அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவியான டிரான்சீவரை, அதாவது ரிக்கை, சொந்தமாகக் கட்ட விரும்பும் ஹாம் நண்பர்கள் (அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள்) பலரும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளுக்குப் போவதற்கு முன்பு சர்க்யூட் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அதிலுள்ள பாகங்களை எண்ணத் தொடங்குகிறார்கள். முப்பது பாகங்கள் இருந்தால் எளிய ரிக், முந்நூறு இருந்தால் கடினமான ரிக் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை நம்பி இறங்கியவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவதே அதிகம் என்பதால், எளிமையை வேறு எந்த அளவுகோலால் அளப்பது, பெங்களூரில் இருந்துகொண்டு முதல் ரிக்கைக் கட்டுபவர் எந்த இடத்தில் சிக்கலை ஏற்றுக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் மறுத்துவிடலாம் என்பதை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

பிக்ஸி என்ற சின்னஞ்சிறு தந்திக்குறி (மோர்ஸ்) ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஓர் எல்எம்386 ஐசி, ஒரு கிரிஸ்டல், சில மின்தேக்கிகள் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். முதல் டிரான்சிஸ்டர், அதிர்வெண்ணை உண்டாக்கும் ஆசிலேட்டர். இரண்டாவது டிரான்சிஸ்டர், கீயை அழுத்தினால் பவர் ஆம்ப்ளிஃபயர். கீயை விட்டால் அதுவே, இரண்டு அதிர்வெண்களைக் கலந்து வேறொன்றைத் தரும் ரிசீவரின் மிக்சர். ஆன்டெனாப் பக்க வடிகட்டியும் இரண்டுக்கும் பொதுவானது. படத்தில் பார்க்க அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டில், ஒலி மங்கலாகக் கேட்டால் குற்றம் ஆசிலேட்டரிலா, மிக்சராக நிற்கும் டிரான்சிஸ்டரிலா, வடிகட்டியிலா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஒரு மின்தடையை மாற்றினால் அனுப்புவதும் கேட்பதும் இரண்டுமே மாறிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கம், ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ் இருக்கிறது. இந்தியாவில் எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே 14 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்பி முறையில் (குரல் அலையின் இரு பக்கப்பட்டைகளில் ஒன்றை மட்டும் அனுப்புவது) பேச வேண்டும் என்ற நோக்கத்தோடு பிறந்த வடிவம் அது; டிவி ஆன்டெனாக் கம்பியை இணைக்கும் ‘பாலன்’ (balun) பாகத்தின் உட்கருவில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியதும், குழாய்க்குப் போடும் வாஷரில் ஆசிலேட்டர் காயில் சுற்றியதும் அந்த நோக்கத்தின் விளைவுகள். பிட்எக்ஸில் பாகங்கள் பிக்ஸியைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் ஒரே மாதிரியான ஆம்ப்ளிஃபயர் கட்டங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக இயக்கிச் சோதிக்க முடிகிறது, ஒன்றைக் கட்டத் தெரிந்தவருக்கு மற்றவையும் கைவந்துவிடுகின்றன. அதே கிரிஸ்டல் வடிகட்டியும் மிக்சர்களும் கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது எதிர்த்திசையிலும் வேலை செய்வதால், ரிசீவர் சரியாகக் கேட்டால் டிரான்ஸ்மிட்டரின் பெரும்பகுதியும் சரியென்று பொருள். என் கணிப்பில் பிட்எக்ஸ்தான் எளிய வடிவம். பிக்ஸி சிறிய வடிவம், அவ்வளவே.

ஆகவே ஒரு வடிவத்தை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பாகத்தின் தலையில் எத்தனை வேலைகள் சுமத்தப்பட்டிருக்கின்றன? கட்டி முடித்தபின் எத்தனை இடங்களில் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்? பழுதானால், ஒரு மல்ட்டிமீட்டரும், உயர் அதிர்வெண் மின்னழுத்தத்தை அளக்கும் ஆர்எஃப் புரோபும் மட்டும் கையில் இருக்கும்போது, எந்தக் கட்டத்தில் பழுது என்று கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் தரும் வடிவம் நூற்றைம்பது பாகங்கள் கொண்டிருந்தாலும் தாராளமாக இறங்கலாம்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்யூட்டிலிருந்து நீக்கிய சிக்கல் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. வெளியீட்டின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டுக்கே ஊட்டும் ஒற்றை டிரான்சிஸ்டர் ரீஜெனரேட்டிவ் ரிசீவரில் அது இயக்குபவரின் விரல்களுக்குப் போகிறது. ஆன்டெனா காற்றில் அசைந்தாலும் மறுபடி திருக வேண்டும். 2017இல் வெளிவந்த க்யூசிஎக்ஸ் தந்திக்குறி ரிக்கில் கிரிஸ்டல் வடிகட்டியே இல்லை. வேண்டாத பக்கப்பட்டையை அலைகளின் கட்ட (phase) வேறுபாட்டால் அடக்குகிறார்கள், அந்தச் சிக்கல் ஆப்-ஆம்புகளுக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் சில நுண்ணிய சரிசெய்தல்களுக்கும் இடம் மாறியிருக்கிறது. அனுப்பும் பக்க வடிகட்டியை எளிமையின் பெயரால் குறைத்தவரின் சிக்கலோ அடுத்தவருடைய ரிசீவரில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

எந்தப் பட்டை, எந்த முறை

முதல் ரிக்குக்கு ஒரே ஒரு பட்டை (அதிர்வெண் வரம்பு) போதும். பெங்களூரில் அது 7 மெகாஹெர்ட்ஸாக இருப்பது நல்லது. பகல் நேரத்தில், மொட்டைமாடியில் தாழக் கட்டிய டைபோல் என்ற இரு கைக் கம்பி ஆன்டெனாவிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக மேலே போகும் அலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி, சென்னை, கோவை, கொச்சி, ஹைதராபாத் போன்ற சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர்களில் விழும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலை டைபோலின் மொத்த நீளம் சுமார் 20 மீட்டர். அல்சூரிலோ லிங்கராஜபுரத்திலோ உள்ள ஒரு நடுத்தர வீட்டின் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கம்பம் நட்டு, இரு கைகளையும் சரிவாக இறக்கிக் கட்டினால் அது அடங்கிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தாரின் அனுமதி வாங்குவது ரிக் கட்டுவதைவிடக் கடினமான வேலை என்பது தனிக்கதை.

தந்திக்குறியா பேச்சா என்பது அடுத்த முடிவு. தந்திக்குறிக்கு மட்டுமான ரிக்கில் பவர் ஆம்ப்ளிஃபயர் நேர்கோட்டில் இயங்க வேண்டியதில்லை என்பதால், மூன்று பிஎஸ்170 மாஸ்ஃபெட்டுகளை இணையாகப் போட்டு, பெரிய ஹீட்சிங்க் இல்லாமலே சில வாட் எடுத்துவிடலாம். பேச்சு வேண்டுமென்றால் எஸ்எஸ்பி வேண்டும்; அதற்கு வழக்கமான வடிவத்தில் சமநிலை மாடுலேட்டர், கிரிஸ்டல் வடிகட்டி, நேர்கோட்டு ஆம்ப்ளிஃபயர் ஆகிய மூன்றும் தேவை. நடுவில் டிஎஸ்பி (DSB, இரட்டைப் பக்கப்பட்டை) என்றொரு குறுக்குவழி உண்டு. வடிகட்டியை விட்டுவிட்டு இரு பக்கப்பட்டைகளையும் அனுப்புவது. கேட்பவர் ஒன்றைத்தான் பயன்படுத்துவார், மற்றதில் போகும் பாதிச் சக்தி வீண், பிடிக்கும் இடமோ இரட்டிப்பு. காலை நேரத்தில் நெட்டுகள் (ஹாம்கள் கூடிப் பேசும் வானொலிச் சந்திப்புகள்) நிறைந்திருக்கும் 7.0 முதல் 7.2 வரையிலான குறுகிய பட்டையில் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

அனுப்புவதற்கு உரிமம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மத்திய அரசின் டபிள்யூபிசி (வானொலி அலைவரிசைகளை நிர்வகிக்கும்) பிரிவு தரும் உரிமத்தில் ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது, ஜெனரல் தரத்துக்கு உண்டு. உங்கள் தரத்துக்கு அனுமதிக்கப்பட்ட சக்தியையும் முறைகளையும் பார்த்துவிட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 5 வாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 13 டெசிபல், அதாவது எதிர்முனையில் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரில் இரண்டு புள்ளிகளுக்குச் சற்று மேல்.

ரிசீவர்: எங்கே செலவழிப்பது

புதிதாகக் கட்டுபவர்கள் ரிசீவரில் முதலில் தேடுவது உணர்திறன். 7 மெகாஹெர்ட்ஸில் அது தேவையே இல்லாத செலவு. குடியிருப்புப் பகுதிகளில் மனிதர்களின் மின்சாதனங்களால் எழும் இரைச்சலுக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி கணக்கிட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா வழியாக வரும் இரைச்சல், மின்தடை ஒன்றின் இயல்பான வெப்ப இரைச்சலைவிடச் சுமார் 49 டெசிபல் அதிகம். எஸ்எஸ்பிக்குரிய 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இது சுமார் -91 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை ஒப்பிட்ட டெசிபல்), அதாவது எஸ்-மீட்டரில் எஸ்6. எல்இடி விளக்குகளும் யுபிஎஸ்களும் மொபைல் சார்ஜர்களும் நிறைந்த ஒரு பெங்களூர்த் தெருவில் நடைமுறை இதைவிட மோசமாகவே இருக்கும். வெளியிலிருந்து 49 டெசிபல் இரைச்சல் வரும்போது, ரிசீவரின் சொந்த இரைச்சல் 15 டெசிபலா 5 டெசிபலா என்பது காதில் விழப்போவதில்லை. எனவே ஆன்டெனாவுக்கும் மிக்சருக்கும் நடுவே ஆம்ப்ளிஃபயர் வைக்காதீர்கள். கட்டி முடித்தபின் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: ஆன்டெனாவைக் கழற்றினால் இரைச்சல் கணிசமாகக் குறைய வேண்டும். குறைந்தால் உணர்திறன் போதும்.

உண்மையில் செலவழிக்க வேண்டிய இடம், வலுவான நிலையங்களைத் தாங்கும் திறன். பெங்களூரில் இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, அகில இந்திய வானொலியின் பெங்களூர் நிலையம் மத்திய அலையில் 612 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் சக்தியுடன் அமைக்கப்பட்டது. வடபெங்களூரில் குடியிருப்பவரின் 20 மீட்டர்க் கம்பியில் அது எழுப்பும் மின்னழுத்தம் சாதாரணமானதல்ல. எளிய ரிசீவரில் எந்த இடத்தில் திருகினாலும் கன்னடப் பாட்டு கேட்கிறதென்றால் காரணம் இதுதான். மற்றது, 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே 7.45 வரை நம் பகுதியில் சிற்றலை ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்டிருப்பது. இருட்டியதும் உலகெங்குமுள்ள பெரிய நிலையங்கள் அங்கே ஏறி நிற்கும்; தொட்டபள்ளாபுரம் பக்கம் 500 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதை அலட்சியப்படுத்த முடியாது.

முதல் தொல்லைக்கு மூன்றே பாகங்களில் தீர்வு உண்டு. 1000 பிகோஃபேரட் மின்தேக்கிகள் இரண்டைத் தொடராகப் போட்டு, அவை சேரும் இடத்திலிருந்து தரைக்கு 1.3 மைக்ரோஹென்ரி காயில் ஒன்றை இணைத்தால், 3 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி கிடைக்கும். டி50-2 டொராய்டில் (வளைய வடிவக் காந்த உட்கரு) 16 சுற்றுச் சுற்றினால் காயில் தயார். 612 கிலோஹெர்ட்ஸில் இது ஏறத்தாழ 40 டெசிபல் குறைக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. எளிமைக்கு ஆசைப்பட்டு இந்த மூன்று பாகங்களை விட்டுவிடுவது பெங்களூரில் செய்யத் தகாத சிக்கனம்.

இரண்டாவது தொல்லைக்கு வடிகட்டி உதவாது. 7.1க்கும் 7.3க்கும் இடையே உள்ள தூரம், சாதாரண காயில்களால் பிரிக்க முடியாத அளவுக்குக் குறைவு. அந்த நிலையங்கள் மிக்சர் வரை வந்தே தீரும் என்பதால் மிக்சர் தாங்க வேண்டும். எஸ்ஏ612 ஐசி ஆசிலேட்டரையும் மிக்சரையும் ஒரே எட்டுக் கால் பெட்டியில் தருவதால் எளிய ரிக்குகளின் செல்லப்பிள்ளையாக இருக்கிறது. 1990களில் புகழ்பெற்ற நார்கால் 40 இந்த வகை ஐசிகள் மூன்றைக் கொண்டே கட்டப்பட்டது. ஆனால் வலுவான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து போலி நிலையங்களை உண்டாக்கும் விஷயத்தில், நான்கு டையோடுகளும் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் கொண்ட ரிங் மிக்சர் அதைவிட ஏறத்தாழ 30 டெசிபல் வலிமையானது. ரிங் மிக்சருக்கு ஆசிலேட்டரிலிருந்து +7 டிபிஎம் அளவு சக்தி வேண்டும், அதில் பெருக்கமும் கிடையாது. பாகங்கள் கூடுகின்றன, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கை வலிக்கும். அப்படியும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

எஸ்ஏ612தான் வேண்டும் என்பவர், ஆன்டெனாவை ஒட்டி ஒரு 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரைக் குறைப்பானாக வைத்துக்கொள்ளட்டும். வரும் சிக்னல்களை 10 டெசிபல் குறைத்தால் அவை கலந்து உண்டாகும் போலிகள் 30 டெசிபல் குறையும். வெளி இரைச்சல் அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது 10 டெசிபல் இழப்பு கேட்கும் தெளிவைப் பாதிக்காது. ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இத்தனை வேலை செய்வது அரிது.

ஆன்டெனா சிக்னலை நேரடியாக ஒலியாக்கும் டைரக்ட் கன்வர்ஷனா, முதலில் ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பின் ஒலியாக்கும் சூப்பர்ஹெட்டா என்ற பழைய விவாதத்துக்கு வருவோம். முன்னதில் ஆன்டெனாவின் ஒரு மைக்ரோவோல்ட்டை ஹெட்ஃபோனில் கேட்குமளவு உயர்த்த வேண்டிய 100 டெசிபல் பெருக்கத்தில் ஏறக்குறைய முழுவதும் ஒலி அதிர்வெண்ணிலேயே நிகழ்கிறது. அதனால் மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் எங்கிருந்தாலும் உள்ளே புகும், பெட்டியைத் தட்டினால் மணி போல ஒலிக்கும், ஒவ்வொரு நிலையமும் இரண்டு இடங்களில் கேட்கும். பாட்டரியில் ஓட்டினால் பாதித் தொல்லை தீரும். சூப்பர்ஹெட்டில் பெருக்கம் பல அதிர்வெண்களில் பகிர்ந்தளிக்கப்படுகிறது, தேர்ந்தெடுக்கும் வேலையைக் கிரிஸ்டல் வடிகட்டி செய்கிறது. தந்திக்குறியை ஓய்வாகக் கேட்க டைரக்ட் கன்வர்ஷன் இனிமையானது, அதன் ஒலியின் தெளிவுக்கு நிகர் இல்லை. எஸ்எஸ்பிக்கு சூப்பர்ஹெட்.

சூப்பர்ஹெட்டில் இடைநிலை அதிர்வெண்ணை எங்கே வைப்பது என்ற ஒரே முடிவு, மற்றப் பகுதிகள் எளிமையாகுமா சிக்கலாகுமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பழைய ரேடியோக்களின் 455 கிலோஹெர்ட்ஸை வைத்தால், அதே இடைநிலையைத் தந்து உள்ளே புகும் வேண்டாத பிம்ப அதிர்வெண் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, அருகிலேயே நிற்கும். அதை அடக்க முன்பக்கத்தில் பல காயில்களைத் துல்லியமாக இசைக்க வேண்டும். 12 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் ஆசிலேட்டர் 4.8 முதல் 5.0 மெகாஹெர்ட்ஸ், பிம்பம் 17 மெகாஹெர்ட்ஸ் பக்கம். இரண்டு காயில்கள் கொண்ட சாதாரண வடிகட்டியே போதும். ஆசிலேட்டரின் இரண்டாம், மூன்றாம் மடங்குகளும் 7.0–7.2இலோ 12இலோ விழுவதில்லை. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளுக்காக எங்கும் விற்கப்படுகின்றன. ஒரே கடையில், ஒரே தொகுதியிலிருந்து பத்துப் பதினைந்து வாங்கி, ஒரு ஆசிலேட்டரில் ஒவ்வொன்றாகச் செருகி அளந்து, வடிகட்டியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது எஸ்எஸ்பிக்கு 240 ஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போகும் நான்கைத் தேர்ந்தெடுங்கள். மீந்தவற்றில் ஒன்று, இடைநிலை சிக்னலை ஒலியாக்க உதவும் ஆசிலேட்டரான பிஎஃப்ஓவுக்கு ஆகும்.

தானாக ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஏஜிசியை முதல் பதிப்பில் விட்டுவிடலாம். அதற்குப் பதில் ஹெட்ஃபோன் முனைகளுக்குக் குறுக்கே இரண்டு 1என்4148 டையோடுகளை எதிரெதிராகப் போட்டுவிடுங்கள். பக்கத்துத் தெரு ஹாம் திடீரென்று பேசத் தொடங்கும்போது காது தப்பும்.

அதிர்வெண்ணை உண்டாக்குவது

காயிலும் மின்தேக்கியும் கொண்ட விஎஃப்ஓவை (அதிர்வெண்ணை மாற்றக்கூடிய ஆசிலேட்டர்) சிலர் எளிமையின் இலக்கணமாகவே கருதுகிறார்கள். பாகங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் அது நிலையாக நிற்க வேண்டுமானால் வெப்பத்தில் மதிப்பு மாறாத என்பிஓ வகை மின்தேக்கிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், காயிலை மெழுகிட்டு அசையாமல் நிறுத்த வேண்டும், தகரப் பெட்டிக்குள் மூட வேண்டும், அதன்பின்னும் மாடி அறையில் வெயில் ஏறும்போது அது நகரும். நூறு ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே எஸ்எஸ்பியில் குரல் மாறிக் கேட்கும். எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறையில், 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சுரங்களைக் கணினி பிரித்தறிய வேண்டியிருப்பதால், அப்படிப்பட்ட விஎஃப்ஓவை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எஸ்ஐ5351 என்ற அதிர்வெண் உண்டாக்கும் சிறு ஐசியும் ஆர்டுயினோ நானோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரு நிரலுக்குள் அடக்கிவிடுகின்றன. உள்ளே நடப்பது விஎஃப்ஓவைவிட ஆயிரம் மடங்கு சிக்கலானது என்றாலும், கட்டுபவர் தொட வேண்டியது நான்கு கம்பிகளை மட்டுமே. பழுதானால் பலகையையே மாற்றிவிடலாம். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் இது நல்ல பதில் தருகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிஸ்ப்ளேயும் மைக்ரோகன்ட்ரோலரும் தாமே இரைச்சல் எழுப்புபவை. அவற்றின் 5 வோல்ட் விநியோகத்தைத் தனி ரெகுலேட்டரிலிருந்து கொடுத்து, தரைத் தகட்டால் மறைத்து, ரிசீவரின் முன்பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

சிக்கனம் செய்யக் கூடாத இடம்

ஒற்றை ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் 12 வோல்ட்டில் சுமார் 5 வாட் தரும், விலையும் குறைவு. அதன் முதுகுத் தகடு ட்ரெயினோடு இணைந்தது என்பதால் மைக்கா காப்புத் தகடு இல்லாமல் ஹீட்சிங்கில் திருகினால் 12 வோல்ட்டும் தரையும் முட்டிக்கொள்ளும். பயாஸ் பொட்டென்ஷியோமீட்டரைக் குறைந்தபட்சத்தில் வைத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். இதெல்லாம் கட்டுபவரின் சொந்த நஷ்டம் சம்பந்தப்பட்டது. அனுப்பும் பக்க வடிகட்டி அப்படியல்ல.

7.1 மெகாஹெர்ட்ஸின் இரண்டாம் மடங்கு 14.2, மூன்றாம் மடங்கு 21.3. இரண்டும் அமெச்சூர் பட்டைகளுக்குள்ளேயே விழுகின்றன, ஒற்றை மாஸ்ஃபெட்டோ இரண்டாம் மடங்கைத் தாராளமாக எழுப்பும். சர்வதேச விதிமுறையின்படி 5 வாட் அமெச்சூர் டிரான்ஸ்மிட்டரின் இத்தகைய கழிவுகள் 50 டெசிபல் கீழே இருக்க வேண்டும். இதற்கு மூன்று காயில்களும் நான்கு மின்தேக்கி இடங்களும் கொண்ட வடிகட்டி வேண்டும்: இரு முனைகளிலும் 270 பிகோஃபேரட், நடுவில் இரண்டு 680 பிகோஃபேரட், டி37-6 டொராய்டில் 21, 24, 21 சுற்றுகள். மின்தேக்கிகள் என்பிஓ அல்லது மைக்கா வகையாக இருக்கட்டும். ஒரு காயிலைக் குறைத்தாலும் ரிக் வேலை செய்வதுபோலவே தோன்றும், எதிர்முனை நண்பர் பாராட்டவும் செய்வார், குற்றம் மட்டும் 14 மெகாஹெர்ட்ஸில் கேட்டுக்கொண்டிருக்கும்.

தந்திக்குறி அனுப்புபவர், கீ அழுத்தும்போது சக்தி சுமார் 5 மில்லிவினாடியில் மெல்ல ஏறும்படி ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் சொடுக்கு ஒலி பட்டை முழுவதும் பரவும்.

கட்டும் வரிசை

எஸ்.பி. ரோட்டில் செம்புத் தகடு பூசிய பலகை, டிரான்சிஸ்டர்கள், கிரிஸ்டல்கள், கோஆக்ஸ் எல்லாம் கிடைக்கும்; டொராய்டுகளுக்குச் சற்று அலைய வேண்டியிருக்கும், ஹாம் நண்பர்களிடம் கேட்டால் மொத்தமாக வாங்கி வைத்திருப்பவர் ஒருவர் அகப்படுவார். பவர் டிரான்சிஸ்டர்களில் அச்சிட்ட பெயரை நம்பிவிடாமல், முதலில் இரண்டு வாங்கிச் சோதித்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். அச்சிட்ட சர்க்யூட் பலகைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். செம்புப் பலகை முழுவதையும் தரையாகக் கொண்டு, சிறு துண்டுகளை அதன்மேல் ஒட்டி அவற்றில் சாலிடர் செய்யும் முறையே ஒற்றை ரிக்குக்கு ஏற்றது. அதிர்வெண் உயர்ந்த சர்க்யூட்டுகள் அதில் அமைதியாக நடந்துகொள்கின்றன, திருத்தமும் எளிது.

ஹெட்ஃபோனில் தொடங்கி ஆன்டெனாவை நோக்கிக் கட்டுங்கள். முதலில் ஒலி ஆம்ப்ளிஃபயர். அதன் உள்ளீட்டில் விரல் வைத்தால் உறுமல் கேட்க வேண்டும். அடுத்து ஒலியைப் பிரித்தெடுக்கும் மிக்சர். இதற்கு எஸ்ஐ5351இன் ஒரு வெளியீட்டை 7.1 மெகாஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்து, முன்னே 7 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியையும் ஆன்டெனாவையும் இணைத்துப் பாருங்கள்: கையில் இருப்பது ஒரு முழுமையான டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர். சில நாட்கள் அதிலேயே கேட்டு மகிழலாம். பிறகு அதே மிக்சருக்குப் போகும் அதிர்வெண்ணை 12 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மாற்றி, முன்னே கிரிஸ்டல் வடிகட்டி, இடைநிலை ஆம்ப்ளிஃபயர், முதல் மிக்சர் ஆகியவற்றைச் சேர்த்தால் அது சூப்பர்ஹெட்டாக வளர்ந்துவிடும். எஸ்ஐ5351இல் மூன்று வெளியீடுகளும், அதிர்வெண்ணைப் பூட்டி நிறுத்தும் பிஎல்எல் சுற்றுகள் இரண்டும் இருப்பதால் விஎஃப்ஓவும் பிஎஃப்ஓவும் ஆளுக்கொரு பிஎல்எல் எடுத்துக்கொள்ளலாம். கட்டங்களுக்கிடையே எங்கும் 50 ஓம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால் எந்தக் கட்டத்தையும் கழற்றித் தனியே சோதிக்க முடியும்.

டிரான்ஸ்மிட்டருக்கு வரும்போது ஆன்டெனாவுக்குப் பதில், சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோடு வைத்தே வேலையை முடியுங்கள். 1 கிலோஓம், அரை வாட் மின்தடைகள் இருபதை இணையாகச் சேர்த்தால் 50 ஓம், 10 வாட் தாங்கும். அதன் குறுக்கே டையோடு புரோபை வைத்து அளந்தால் 5 வாட்டுக்குச் சுமார் 22 வோல்ட் உச்சம் காட்ட வேண்டும். வடிகட்டிகளையும் ஆன்டெனாக்களையும் அளக்கும் நானோவிஎன்ஏ கருவி ஒன்று இரவல் கிடைத்தால் வடிகட்டிகளை ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

எப்போது சிக்கலை வாங்கிக்கொள்ளலாம்

ரிக் பேசத் தொடங்கியபின் எல்லோருக்கும் எல்லாப் பட்டைகளும் வேண்டும் என்று தோன்றும். பல பட்டை ரிக்கில் ஒவ்வொரு பட்டைக்கும் தனி வடிகட்டிகள், அவற்றை மாற்ற ரிலேக்கள், அந்த ரிலேக்களின் கம்பிகளுக்கிடையே கசியும் சக்தி என்று ஒன்றையொன்று பாதிக்கும் சேர்க்கைகள் பெருகுகின்றன. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே ரிசீவர் கேட்க வேண்டுமென்றால் பிம்பத்தை விரட்ட இடைநிலையையே 45 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, பின் மீண்டும் 12க்கு இறக்க வேண்டியிருக்கிறது. 2017இல் வந்த மைக்ரோ பிட்எக்ஸ் அப்படித்தான் செய்கிறது. 2016இல் வந்த ஐகாம் ஐசி-7300 போன்ற கருவிகள் ஆன்டெனா சிக்னலை நேரடியாக எண்களாக்கி மற்ற அனைத்தையும் மென்பொருளில் செய்கின்றன. எல்லாப் பட்டைகளும் உடனே வேண்டும், சாலிடரில் ஆர்வமில்லை என்பவருக்கு அப்படி ஒன்றை வாங்குவதே நேர்மையான வழி. அதில்கூட ஆன்டெனா பக்கம் பட்டைக்கேற்ற வடிகட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

கட்டுவதில் சுவை கண்டவருக்கு என் யோசனை வேறு. 14 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் பழைய பலகையில் ரிலே சேர்க்காமல் இரண்டாவது ஒற்றைப் பட்டை ரிக்காகவே கட்டுங்கள். ஒலி ஆம்ப்ளிஃபயர், கிரிஸ்டல் வடிகட்டி, இடைநிலைக் கட்டங்கள் எல்லாம் முன்பு கட்டியவற்றின் நகல்களே; முன்பக்க வடிகட்டி, அனுப்பும் வடிகட்டி, நிரலில் சில எண்கள் ஆகிய மூன்று மட்டும் மாறும். முதல் ரிக்கில் விட்டுவைத்த ஏஜிசியை இதில் சேர்த்துப் பார்க்கலாம். அது சரிப்படாவிட்டாலும் காலை நெட்டுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் பெட்டி தயாராக இருக்கும்.